யாரும் கை தூக்காத சட்டை

ஏலக்கூடத்தில் அவளுக்கு நாற்காலியக்கா என்று பெயர். பதினெட்டு வருடமாகப் போய்வருகிறாள், நாற்காலியைத் தவிர வேறு எதற்கும் கை தூக்கியதில்லை. அலமாரி வாங்கினால் தூக்க நாலு ஆள் வேண்டும், கட்டில் வாங்கினால் போட இடம் வேண்டும். நாற்காலி என்றால் ஒன்றைத் தலையில் கவிழ்த்து, இன்னொன்றைக் கையில் பிடித்துத் தானே கொண்டுபோய்விடலாம். அறுந்த பிரம்பை மாற்றி, ஆடும் காலை இறுக்கி, பாலிஷ் போட்டு விற்பாள். கடைக்குப் பின்னால் இரண்டு அறை. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் சொந்தக்காரர்கள் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

ஏலத்துக்கு முந்தின நாள் சாமான்களைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள். அந்த முறை பழைய மரச்சாமான்களோடு விளையாட்டுச் சாமான்களும் நிறைய வந்திருந்தன. கையெழுத்துப் போட்ட மட்டைகள், கறுத்துப்போன கேடயங்கள், வரிசையாகக் கைகட்டி நிற்கும் அணிப் புகைப்படங்கள். நாற்காலியக்கா ஒரு சாய்வு நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டி, வண்டு துளைத்திருக்கிறதா என்று கால்களை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு மஞ்சள் சட்டை தொங்கியது. கோல்கீப்பர் சட்டை. முதுகில் ஒன்று என்று எண். வலது முழங்கையில் ஒரு கிழிசல், மெழுகு தேய்த்த தடித்த நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்கப்பட்டிருந்தது.

சோபா தைக்கிற நூல் அது. எந்தத் தையல்காரரும் அதைச் சட்டையில் ஏற்ற மாட்டார். தைத்தவள் அவளேதான். அந்தக் காலத்தில் சோபாக் கடையில் வேலை பார்த்தாள், அவசரத்துக்கு அது ஒன்றுதான் கையில் இருந்தது. "என்னக்கா, என்னை மெத்தையாக்கிட்ட?" என்று சிரித்துக்கொண்டே தலையை நுழைத்துப் போட்டுக்கொண்டு ஓடினான் தம்பி. இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

அன்றைக்கு இறுதிப் போட்டி. அன்றைக்குத்தான் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் மூச்சு திணற ஆரம்பித்தது. அவள் மைதானத்துக்கு ஆள் அனுப்பினாள். தம்பி வரவில்லை. கடைசி நிமிடத்தில் பெனால்ட்டியைப் பிடித்து, கோப்பையோடு ஊர்வலம் போய், சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். "அப்பா போறப்ப பந்தைக் கட்டிப் பிடிச்சிட்டு இருந்தவனுக்கு இங்க என்ன வேலை?" என்று வாசலை மறித்து நின்றாள். அவன் வாதாடவில்லை. அப்பாவை எடுக்கிறவரை தெருவிலேயே நின்றுவிட்டுப் போனவன், திரும்பி வரவில்லை. அனுப்பிய ஆள் சொன்ன சேதியை அணி மேனேஜர் ஆட்டம் முடியும்வரை அமுக்கி வைத்திருந்தார் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் அவன் வேலையை விட்டு, அறையைக் காலி செய்து எங்கோ போயிருந்தான். தேடாத இடமில்லை. அப்புறம் தெருவில் உயரமாக யார் போனாலும் இரண்டு எட்டு வேகமாக நடந்து முகத்தைப் பார்ப்பது மட்டும் அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

குமாஸ்தாவிடம் போனாள். "இந்தச் சட்டைய யாரு குடுத்தாங்க?"

"அக்கா, என் பொண்டாட்டி கேட்டாலும் சொல்ல மாட்டேன். சொன்னா என் சீட்டு கிழிஞ்சிடும்."

"வித்துட்டா, காசு வாங்க வருவாங்கல்ல?"

"எங்க வர்றாங்க? பேங்க்ல போட்டுடுவோம். விக்கலைன்னாத்தான் வரணும். பத்து நாளைக்குள்ள, ரசீதோட, அவங்களே வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போகணும். வேற ஆள அனுப்பினா தர மாட்டோம்."

அவளுக்கு அந்த விதி தெரியாததில்லை. காதால் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

வாங்கினால் சட்டை கிடைக்கும். யாருமே வாங்காமல் போனால், கொடுத்தவன் தம்பி என்றால், அவனே வருவான். வீடு திரும்பி அடுப்பில் வைத்த பாலைப் பொங்க விட்டுவிட்டு இதையே யோசித்துக்கொண்டு நின்றாள்.

விளையாட்டுச் சாமான்களை வாங்குகிறவர்களில் பெரிய கை கப்புக்காரர். கோப்பைகளும் பழைய சட்டைகளும் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு ஓட்டல்களுக்கு விற்கிறவர். காலையில் வாசலிலேயே அவரைப் பிடித்தாள்.

"அந்த மஞ்சள் சட்டைய நீங்க கேக்கக் கூடாது."

"நாலு கால் இல்லாத பொருளை நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்டியே! சட்டைக்குப் பிரம்பு பின்னப் போறியா?"

"கேக்காதீங்கன்னா கேக்காதீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடிமாட்டு விலைக்கு அடிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்திருப்பார். "சரி. அப்ப அந்தச் சாய்வு நாற்காலிய எனக்கு விட்டுடு. என் ஆளுங்களுக்கும் சொல்லிடறேன்."

அப்படியொரு சாய்வு நாற்காலிக்காக அவள் நாலு வருடமாகக் காத்திருந்தாள். விட்டுக்கொடுத்தாள்.

கூடம் நிறைந்துவிட்டது. சட்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்து இருக்கையில் வெளியாள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஏலம் கேட்கும் புத்தம்புது எண் அட்டை. ஏலத்துக்கே புதுசு என்று பார்த்தாலே தெரிந்தது.

"அம்மா, நீங்க இங்க பழக்கம் போல இருக்கு. அந்த கோல்கீப்பர் சட்டை நல்லதுதானே? அந்த மேட்ச்ச நான் நேர்ல பாத்தேன். என்னா பிடி பிடிச்சான் அந்தப் பையன்!"

 அந்த ஆட்டத்தைப் பார்த்த ஒருவரோடு அவள் இதுவரை பேசியதில்லை. எப்படிப் பிடித்தான், எந்தப் பக்கம் பாய்ந்தான், பிடித்ததும் சிரித்தானா என்று கேட்க வாய் துடித்தது.

"போலிங்க அது," என்றாள். "தையலப் பாருங்க. கிளப்புல குடுக்கற சட்டைய இப்படியா தைப்பாங்க?"

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். விஷயம் தானாகவே வரிசை வரிசையாகப் போனது.

ஏலக்காரர் சட்டையை உயர்த்திக் காட்டி, ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, விலையைச் சொன்னார். யாரும் அசையவில்லை. விலையைக் குறைத்தார். கப்புக்காரர் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏலக்காரர் இன்னும் குறைத்தார். "என்னங்க, ஒரு மனுஷனும் இல்லியா? பனியன் விலைதான் சொல்றேன்!" கூடம் சிரித்தது. நாற்காலியக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"கேட்பாரில்லை," என்று ஏலக்காரர் தாளில் கோடு போட்டார். அடுத்ததாக ஒரு கேடயம் வந்தது.

மறுநாளிலிருந்து அவள் கடையைப் பூட்டிவிட்டு, ஏலக்கூடத்துக் கிடங்கிலேயே உட்கார்ந்து நாற்காலி பின்ன ஆரம்பித்தாள். "வாடகை வாங்கப் போறோம் பாருங்க," என்றார் குமாஸ்தா. கதவு திறக்கும்போதெல்லாம் பிரம்பு கைநழுவியது. ஒரே வரிசையை மூன்று தடவை பிரித்துப் பின்னினாள். என்ன பேசுவதென்று தினமும் ஒன்று யோசித்து வைத்திருப்பாள், மறுநாள் அது நன்றாக இருக்காது.

ஏழாம் நாள் பதினோரு மணிவாக்கில் வந்தான். முன்மண்டை வழுக்கை. உயரம் குறைந்த மாதிரி இருந்தது, கொஞ்சம் கூன் போட்டதால் இருக்கலாம். கதவு நிலையில் தலை இடிக்காதபடி குனிந்த விதத்தில்தான் அவனை அடையாளம் தெரிந்தது. குமாஸ்தாவிடம் ரசீதை நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பியவன் அவளைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"நீயா?"

"நான்தான். இங்கதான் வியாபாரம்."

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீ?"

"சின்ன வீட்டுக்கு மாறிப் போறோம். பீரோல இந்தச் சட்டைக்கு இடமில்லன்னுட்டா என் பொண்டாட்டி. சரி, யாராச்சும் ஆசையா வாங்கி வச்சுப்பாங்கன்னு குடுத்தேன்." சட்டையை மடிக்கப் பார்த்தான், சரியாக மடியவில்லை. "ஒருத்தன்கூடக் கை தூக்கலியாம். போலின்னு பேசிக்கிட்டாங்களாம், இவர்தான் சொன்னாரு. இருபத்திரண்டு வருஷம் வச்சிருந்தேன்க்கா. இது ஒண்ணுதான் நான் உருப்படியா செஞ்சதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவள் யோசித்து வைத்திருந்ததில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"போலின்னு சொன்னது நான்."

அவனுக்குப் புரியவில்லை.

"வித்துட்டா நீ வர மாட்ட. எல்லார்கிட்டயும் கேக்காதீங்கன்னு சொல்லி வச்சதும் நான்தான். ஒருத்தர் வாங்கணும்னு வந்தாரு. உன் ஆட்டத்த நேர்ல பாத்தவரு. அவர்கிட்டத்தான் போலின்னேன்."

அவன் முகம் சிவந்தது. "அன்னைக்கும் நீயேதான் முடிவு பண்ண. இன்னைக்கும் நீயேதான். என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணவே தோணாதா?"

"எங்க வந்து கேப்பேன்?" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. குமாஸ்தா மெல்ல எழுந்து உள்ளே போனார். "மேனேஜர் சேதிய மறைச்சது தெரிஞ்சதும் உன் அறைக்கு ஓடி வந்தேன். பூட்டியிருந்துச்சு. தப்பு என்னோடதுதான். அதச் சொல்லத்தான் ஆள் கிடைக்கல."

அவன் தோள்பையை இறக்கி வைத்தான். அவள் பின்னிக்கொண்டிருந்த நாற்காலியில் உட்காரப் போனான்.

"அதுல உக்காராத, பாதிதான் பின்னியிருக்கு."

நின்றான். சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்தான். சட்டை மடியில் கிடந்தது.

"அந்த ஆளு என்ன சொன்னாரு?" என்றான், தரையைப் பார்த்தபடி. "ஆட்டத்தப் பாத்தேன்னாரே, அவரு."

"என்னா பிடி பிடிச்சான் அந்தப் பையன்னு சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"மேல கேக்கல. கேட்டா அழுதிருப்பேன்." அவள் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "நீ சொல்லு. எந்தப் பக்கம் பாய்ஞ்ச?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பையின் வாரைத் தோளில் ஏற்றினான், மறுபடியும் இறக்கினான்.

"இடது பக்கம்," என்றான்.