மாட்டுப்பட்டிக்குப் போன தலைவரும் மலை உச்சிக்குப் போன சிவஞானம் அண்ணையும்

உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தின் வாசம் மூக்கில் பட்டால் எனக்கு ஒரு மலை ஞாபகம் வரும்.

அட்டை கடிக்காமல் இருக்கக் காலுறை முழுக்கச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு இருபது பேர், ஒரே வானுக்குள்... வெள்ளவத்தையில் இருந்து விடியமுன் புறப்பட்ட அந்த வான், அவிசாவளை தாண்டும்போது நுரைக்கத் தொடங்கிவிட்டது. சத்தியம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கொட்டாஞ்சேனையில் வீடு, கோட்டையில் வேலை, உடம்பில் யானைப் பலம். எங்கள் நடைச் சங்கம் ஞாயிறு தோறும் வெள்ளவத்தையில் இருந்து தெஹிவளை வரை கடற்கரையோரம் நடக்கும். திரும்பி வந்ததும் ஆளுக்கு நாலு வடை. கடல் மட்டத்தில் பயிற்சி எடுத்து மலை பிடிக்கப் போன ஒரே சேனை, உலக சரித்திரத்திலேயே நாங்கள்தான்.

சங்கத்துக்கு இரண்டே சட்டங்கள். தலைவரை ஒருவரும் முந்தக் கூடாது. கடைசிக் காவலனுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது.

தலைவர் மிஸ்டர் நவரத்தினம். வங்கியில் பெரிய அதிகாரி. கையில் வரைபடம், கழுத்தில் திசைகாட்டி. வழியில் மனிசரிடம் வழி கேட்பதை மானக்கேடாக நினைக்கிறவர்.

கடைசிக் காவலன்... வேறு யார், அடியேன்தான். வாய் கூடிப் போனதற்குக் கிடைத்த தண்டனை அது. கையில் ஒரு விசில் தந்திருந்தார்கள். மூன்று தரம் ஊதினால் முன்னால் போன எல்லோரும் திரும்பி வரவேண்டும்.

எனக்கு முன்னால் நடந்தவர் சிவஞானம் அண்ணை. காலி வீதியில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நல்ல மனிசன், நல்ல பாரம். அவர் மூச்சு விட்டால் பக்கத்துத் தேயிலைச் செடிகள் சாய்ந்து, உள்ளே இழுத்தால் நிமிரும். நாலு தரம் எங்களோடு மலைக்கு வந்தும் ஒரு தரமாவது உச்சியைக் கண்டதில்லை.

அன்று கினிகத்தேனைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வானை விட்டு இறங்கியதுமே தலைவர் தீர்ப்பை வாசித்துவிட்டார்.

"சிவஞானம், உம்மாலை ஒவ்வொரு முறையும் பாதியிலை திரும்ப வேண்டிக் கிடக்கு. இண்டைக்கும் உச்சிக்கு வரேல்லை எண்டால், அடுத்த முறை வானிலை உமக்கு சீற் இல்லை."

அண்ணை தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

ஏறத் தொடங்கினோம். முதலாவது வளைவிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, பொறு. லேஸ் கழண்டு போச்சு."

"அண்ணை, நீங்கள் போட்டிருக்கிறது லேஸ் இல்லாத சப்பாத்தெல்லோ!"

"சரி, அப்ப வியூ பாப்பம்."

வியூ என்றால் வெறும் புகார், பனிமூட்டம். மூக்குக்கு முன்னால் விரல் தெரியாது.

அவர் மூச்சு வாங்குகிற தந்திரம் ஒன்று உண்டு. எதிரில் வருகிற ஆளை மறித்துக் கதைப்பார். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், கொழுந்துக் கூடையோடு ஒரு அம்மா வந்தா. அண்ணை விடுவாரா?

"தங்கச்சி, வீட்டிலை எத்தினை பிள்ளையள்? இண்டைக்கு என்ன கறி?"

"மூணு புள்ளைங்கய்யா. பருப்பும் கீரையும்." அந்த அம்மா வலப்பக்கம் பார்த்துச் சிரித்தா. "ஒங்க ஆளுங்க எதுக்கு அந்தப் பக்கம் போறாங்க? அது மாட்டுப்பட்டியோட முடிஞ்சிரும். மலைக்குன்னா இந்தப் படியில ஏறணும்."

இடப்பக்கம், செடிகளுக்குள்ளே கல்லுப் படிகள்.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் விசிலைப் பார்த்தேன்.

பதினெட்டுப் பேர் வரைபடத்தோடு மாட்டுப்பட்டியை நோக்கி வீரநடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சட்டப்படி நான் உடனே ஊத வேண்டும்.

கடமை தவறாதவன் நான். உடனே ஊதினேன்.

'உடனே' என்றால்... அண்ணை படியேறி முடிந்து, இன்னும் பத்து அடிதான் மிச்சம் என்று தெரிந்த பிறகு. நடுவில் ஏழு தரம் படியில் குந்தி இருந்தார். ஒரு தரம், "நான் செத்தால் கடைத் திறப்பு கால்சட்டைப் பொக்கற்றிலை" என்றார். நான் பின்னாலேயே நின்றேன். சட்டம் சட்டம்தானே, அவரை நான் முந்தவில்லை.

மூன்று விசில். கீழே புகாருக்குள் மாடுகளும் மனிசரும் சேர்ந்து கத்தினார்கள்.

அண்ணை உச்சியில் போய் நின்றார். என்னிடம் தன் கமராவைத் தந்தார். அந்த நேரம் பார்த்துப் புகார் விலகியது... அங்கிருந்து பார்த்தால் காலி முகத்திடல் கடற்கரையில் இறால் வடை விற்கிறவர் கூடத் தெரிந்தார். சரி, கடல் தெரியவில்லை. ஆனால் அண்ணையின் முகம் தெரிந்தது. அது போதும்.

தலைவர் சாணிச் சப்பாத்தோடு மேலே வந்தபோது அண்ணை கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"வாங்கோ மிஸ்டர் நவரத்தினம். சுணங்கிப் போட்டியள்!"

தலைவர் ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். சீற் கதையை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

அந்தப் படம் கண்ணாடிக் கடைச் சுவரில் கடைசிவரை தொங்கியது. விசில் பிந்தியது ஏன் என்று அண்ணை கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. இன்றைக்கு உங்களுக்குத்தான் முதல் முதல் சொல்கிறேன்.

இப்போதும் போகிறோம். போன மாதமும் போனோம். ஆளாளுக்குக் கையில் போன், போனுக்குள் மலை. ஒருவரும் வழி தவறுவதில்லை. ஒருவருக்காக ஒருவர் நிற்பதும் இல்லை, லொக்கேஷன் அனுப்பினால் போதும்.

கடைசியில் வருகிறது நான்தான். வளைவில் நின்று ஒரு அம்மாவிடம் இன்றைக்கு என்ன கறி என்று கேட்டேன். கத்தரிக்காயாம்.

"அங்கிள், ஓகேயா?" மேலே இருந்து ஒரு பிள்ளை கத்தியது.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் விசிலோடு யாரும் இல்லை...

"ஓகே பிள்ளை, நீங்கள் போங்கோ!" என்றேன்.

நான் பிந்தவில்லை, நண்பர்களே. அவர்களுடைய போனில் சார்ஜ் முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.