லொறி ஓடும் மட்டும்

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. மேலே அப்பா, அம்மா, நான். கீழே முன் அறையில் சித்தப்பாவும் சித்தியும். எல்லாருக்கும் ஒரே குசினி, ஒரே குளியலறை, தெருமுனை யார்ட்டில் ஒரே லொறி. வீட்டைவிட அந்த லொறிக்குத்தான் மரியாதை அதிகம். வெள்ளிக்கிழமைகளில் அம்மா சாம்பிராணித் தட்டோடு முதலில் யார்ட்டுக்குத்தான் போவார். சாமிப்படங்களுக்கு மிஞ்சிய புகைதான் கிடைக்கும்.

துறைமுகக் களஞ்சியத்தில் அரிசி மூட்டை ஏற்றி லண்டன் முழுக்கத் தமிழ்க் கடைகளில் இறக்குவது எங்கள் வீட்டுத் தொழில். வாரத்தின் முதல் பாதி அப்பா ஓட்டுவார், மறு பாதி சித்தப்பா. ஓட்டாத நாட்களில் இருவரும் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்வார்கள். சித்தியின் அண்ணன் ரொறன்ரோவில் இருந்து மாதம் தவறாமல் போன் எடுத்து, வா வா என்பார். விசா அலுவல்கூட முடிந்திருந்தது. சித்தப்பாவிடம் அதற்கு ஒரே பதில்தான்.

"லொறி ஓடுமட்டும் இஞ்சை இருப்பம். நிண்டால் அங்கை வாறம்."

அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். எட்டு வயதில் நானும்தான். லொறி என்றால் ஓடுவது, அது எப்படி நிற்கும்?

கோடை விடுமுறையில், பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விட, என்னைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லாததால் லொறிதான் எனக்குப் பள்ளிக்கூடம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னச் சிவப்பு லைட். சிக்னலில் லொறி நின்றால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் அது மினுக்கென்று எரியும். எண்ணெய்க் குவளைப் படம் போட்டது, பார்த்தால் காமாட்சி விளக்குப் போல இருக்கும். காலையில் எரியாது. மோர்டன் பக்கம் போய் எஞ்சின் நன்றாகச் சூடானபின்தான் வரும். வந்ததும் சித்தப்பா அக்சிலேட்டரில் காலை வைத்து மெதுவாக அழுத்துவார். எஞ்சின் உறுமும், லைட் அணையும். பச்சை விழும்வரை கால் அப்படியே இருக்கும்.

"ஏன் சித்தப்பா?"

"எஞ்சினுக்கு நித்திரை தூங்குது பிள்ளை. விட்டால் படுத்திடும்."

அப்பாவும் அதையே செய்தார். காரணம் கேட்டபோது, "வெளியிலை பார்" என்றார். எங்கள் அப்பா வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். லொறி ஓட்டுகிற எல்லாருமே சிக்னலில் இப்படித்தான் செய்வார்கள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

ஹரோவில் ஒரு கடைக்குப் பெரிய சுமை வந்த நாளில் இருவரும் சேர்ந்தே புறப்பட்டார்கள். அப்பா ஓட்ட, நான் நடுவில். திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் நின்றோம். அந்தக் குவளை லைட் எரிந்தது. அப்பாவின் கால் அசையவில்லை. சித்தப்பா லைட்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடியும் லைட்டைப் பார்த்தார்.

"அண்ணை, இது என்ன லைட்?"

"தெரியேல்லை. இண்டைக்குத்தான் பாக்கிறன்."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மறதி வந்துவிட்டதோ என்று நான் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தபிறகுதான் அப்பா லொறியை எடுத்தார். நேரே ரயில் பாலத்தின் கீழிருந்த ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் காலை மூவரும் அங்கே போனோம். மெக்கானிக் ஜமேக்காக்காரர், நிதானமான மனிதர். அவருடைய ஆங்கிலம் எங்கள் ஆட்களுக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆகவே மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

லைட் எவ்வளவு நாளாக எரிகிறது என்று கேட்டார்.

"நேற்றுத்தான்" என்றார் அப்பா. "ஓம், நேற்றுத்தான்" என்றார் சித்தப்பா.

அப்படியே சொன்னேன்.

ஒயில் அளவு பார்த்தார், குறையில்லை. லைட்டை எரியவைக்கும் சின்னச் சுவிட்ச் பழுதானாலும் இப்படிப் பொய்யாக எரியும் என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் இருவருக்கும் உயிர் வந்தது.

"சுவிட்ச்தான் அண்ணை!"

"சுவிட்ச்தான்."

மெக்கானிக் அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதே துளையில் ஒரு குழாயையும் எண்ணெய் அழுத்தம் காட்டும் கையடக்கமான மீட்டரையும் பூட்டினார். இரவு முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சினை எழுப்பினார். முள் விறைப்பாக மேலே எழுந்து நின்றது. சித்தப்பா கைகூடத் தட்டிவிட்டார். பொறுங்கள், சூடாகட்டும் என்றார் மெக்கானிக். நாங்கள் காத்திருந்தோம். எஞ்சின் சூடாகச் சூடாக முள் மெல்ல மெல்ல இறங்கி, அடியில் போய் உட்கார்ந்தது. அவர் எஞ்சினை உறுமவிட்டால் முள் எழும், விட்டால் விழும். சுவிட்ச் பொய் சொல்லவில்லை என்றார். அதை மொழிபெயர்க்க யாரும் என்னைக் கேட்கவில்லை.

பிறகு ஒயில் பில்டரைக் கழற்றி, வெட்டி, உள்ளே மடிந்திருந்த தாளை விரித்துக் காட்டினார். கறுத்த எண்ணெயில் பொன் தூள் தூவியதுபோல இருந்தது.

"அப்பா, மினுங்குது!" என்று கத்தினேன். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை லொறியில் பார்த்ததில்லை.

எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்த தூள் அது. லைட் முதலில் எரிந்தபோதே வந்திருந்தால், பேரிங்கை மட்டும் மாற்றி இன்னும் பல வருடம் ஓட்டியிருக்கலாம். இப்போது தண்டும் அரைபட்டுவிட்டது, இனிச் செலவழிப்பது வீண். மெக்கானிக் சொல்லச் சொல்ல, நானும் ஒப்புவித்தேன். கடைசியில் என்னைப் பார்த்து இன்னொன்று சொன்னார். அதையும் சொன்னேன்.

"ஒரு நாளிலை இவ்வளவு தேயாதாம்."

அப்பா தம்பியைப் பார்த்தார்.

"உனக்கும் தெரியுமோ?"

"ஓம் அண்ணை."

இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தானே தெரியும்! ஒருவர் கண்ணில் ஒருவர் மண்ணைத் தூவி, இருவருமாக அந்த எஞ்சினைக் கொன்றிருந்தார்கள். லொறி நின்றால் தம்பி போய்விடுவான் என்று அப்பாவும், போகவேண்டி வரும் என்று சித்தப்பாவும் பயந்திருந்தார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு அவர்கள்மேல் கோபம் வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். வாசலில் அவர்களை விட்டுவிட்டு நான் குசினிக்குள் ஓடினேன். அன்று வேலைக்குப் போகாத சித்தி அடுப்பில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"லொறி இனி ஓடாதாம்."

சித்தி அகப்பையைப் பானையில் விட்டுவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ரண்டு பேரும் சண்டை பிடிச்சவையோ?"

சந்தோஷமாகச் சொல்ல என்னிடம் அந்த ஒரு செய்தி இருந்தது. "இல்லை சித்தி. வழி முழுக்க அப்பா சித்தப்பாவின்ரை தோளிலை கை போட்டுக்கொண்டு வந்தவர்."

"அப்ப போறதெண்டு முடிவு" என்றபடி சித்தி அடுப்பை அணைத்தார். பருப்பு பாதிகூட வேகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

நான் சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்தேன். பக்கத்தில் குனிந்து, இன்னும் உரக்கச் சொன்னேன்.

"சண்டை பிடிக்கேல்லை சித்தி. உண்மையா, சண்டையே இல்லை."