லேமினேஷன் போட்ட கல்யாணம்

அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் யாராவது ஒரு வெள்ளைக்காரரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்கும். துவைக்கும்போது அம்மா பையைத் துழாவாமல் விட்டுவிட்டால், வாஷிங் மெஷினிலிருந்து ஒரு முகம் நனைந்து சுருண்டு வெளியே வரும். அம்மா அதை ஜன்னல் ஓரத்தில் காயப்போட்டுவிட்டு, "பாவம், தலைக்குக் குளிச்சிருக்காரு" என்பாள். அப்பாவுக்குச் சிரிப்பு வராது. அந்தப் போட்டோ மறுநாள் ஏதோ ஒரு படிவத்தில் ஒட்ட வேண்டியதாக இருக்கும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. நாகர்கோவிலுக்குத் தெற்கே கடலோர ஊர்க்காரர்களான நாங்கள் மூன்று பேரும் அபுதாபியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ். அப்பாவுக்கு முசஃபாவில் இருந்த ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை. அங்கே மேனேஜரிலிருந்து இன்ஜினியர்கள் வரை பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்கள். புதிதாக வந்து இறங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் விசா, ரத்தப் பரிசோதனை, வாடகைப் பத்திரம், கரண்ட், டெலிபோன், துறைமுகத்தில் நிற்கும் சாமான் பெட்டி என்று அத்தனைக்கும் அரசு அலுவலகங்களுக்கு அலைவதுதான் அவர் வேலை. கையெழுத்துப் போடும் அதிகாரம், மந்தூப் என்று எல்லோரும் அழைத்த ஓர் அரபுக்காரருக்கு. வரிசையில் நிற்கும் அதிகாரம் அப்பாவுக்கு. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் லைசென்ஸை நீட்டினால் இங்கே புது லைசென்ஸ் கொடுத்துவிடுவார்கள். அப்படி எத்தனையோ பேருக்கு வாங்கிக்கொடுத்த அப்பா, தனக்கான டெஸ்டில் நான்கு முறை தோற்றிருந்தார். இதை வீட்டில் யாரும் பேசக் கூடாது. அம்மா மட்டும் பேசுவாள்.

இப்படிப்பட்ட வீட்டில் காகிதத்துக்கு இருந்த மரியாதை எனக்குக்கூடக் கிடையாது. அம்மாவின் நர்சிங் சான்றிதழ் சென்னைக்கும் டெல்லிக்கும் போய், ஒவ்வொரு இடத்திலும் முதுகில் ஒரு சீல் வாங்கிக்கொண்டு வந்தது. கடைசி சீலை இங்கே அமைச்சகத்தில் அடித்த அன்று அப்பா கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு "கலாஸ்" என்றார். முடிந்தது என்பதற்கு அரபியில் அப்படித்தான். உடனே கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் அதை லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தார். என் பிறப்புச் சான்றிதழும் அப்படித்தான், அவர்களுடைய கல்யாணச் சான்றிதழும் அப்படித்தான். லேமினேஷன் என்றால் அந்தக் காகிதம் பரீட்சையில் பாஸாகிவிட்டது என்று நானாகப் புரிந்துவைத்திருந்தேன்.

அந்தக் கோடையில் ஓர் இன்ஜினியரின் மனைவி தன் மகனோடு வந்து சேர்ந்தார். கணவருக்குப் பாலைவனத்தில் சைட். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குள் வருவார். தாயும் மகனும் விமான நிலையத்தில் கிடைத்த விசிட் சீலோடு ஒரு ஹோட்டல் அபார்ட்மெண்டில் இருந்தார்கள். அவர்களைக் கணவரின் விசாவில் சேர்க்கக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும். லண்டனில் அடிக்க வேண்டிய சீல்களெல்லாம் அடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். பாக்கி, இங்கே அமைச்சகத்தின் ஒரே ஒரு சீல். அது விழுந்தால் விசா. விசா வந்தால் பையனுக்குப் பள்ளிக்கூடம், துறைமுகத்தில் நிற்கும் சாமான், எல்லாம்.

அரசு அலுவலகங்களுக்கு வியாழனும் வெள்ளியும் லீவு. சனிக்கிழமை காலை அமைச்சகம் திறந்ததும் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று, வியாழன் மதியம் அப்பா அந்த ஃபைலை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அமைச்சகம் எங்கள் வீட்டுக்குப் பக்கம். ஆபீஸ் இருந்த முசஃபா எதிர்த் திசை. ஆபீஸ் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அதுவரை மீறாதவர், அன்று மீறினார்.

வெள்ளிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் அம்மா டியூட்டிக்குப் போனாள். அப்பா தூங்கினார். நான் ஃபைலைத் திறந்தேன். நாலாக மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதம். மடிப்பில் லேசாகக் கிழியவும் தொடங்கியிருந்தது. பெண்ணின் அப்பா தொழில் பிளம்பர் என்று கையால் எழுதியிருந்தது. வெள்ளைக்காரர்களிலும் பிளம்பர் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். திருப்பிப் பார்த்தால் சீலுக்கு மேல் சீல், கையெழுத்துக்கு மேல் கையெழுத்து. பாஸான காகிதம், இப்படி நைந்து கிடக்கிறதே என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை. அப்பா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு ஜெராக்ஸ் கடை திறந்தது. கடைக்காரர் மலையாளி, அனுபவசாலி. காகிதத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எல்லா சீலும் கழிஞ்ஞோ மோளே? அச்சன் பறஞ்ஞோ?" என்று கேட்டார். எல்லாம் முடிந்ததா, அப்பா சொன்னாரா என்கிறார். "கலாஸ்" என்றேன், அப்பாவைப் போலவே கையைத் தட்டிக்கொண்டு. மெஷினுக்குள் போன காகிதம் மறுபக்கம் சூடாக, விறைப்பாக, பளபளப்பாக வந்தது. கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை. மாடிப்படி முழுவதும் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஏறினேன்.

அப்பா எழுந்து டீ போட்டுக்கொண்டிருந்தார். கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, திருப்பி, மறுபடி திருப்பி, அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அடி விழும் என்று நின்றேன். விழவில்லை.

"யாரு மக்கா ஒன்ட்ட இத செய்யச் சொன்னா?"

"எல்லா சீலும் கலாஸ்னு நெனச்சேன்பா."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குல்லா" என்றார். விரலால் அதைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் மேல எவன் சீல் அடிப்பான்" என்றார். என்னிடம் கேட்டது போல இல்லை.

அம்மா வந்ததும் காரியத்தில் இறங்கினாள். நர்ஸ் அல்லவா, எந்த ஒட்டும் பிரியும் என்று நம்பிக்கை. இஸ்திரிப் பெட்டியை மெல்ல வைத்துச் சூடாக்கினாள். பிளேடால் ஓரத்தைக் கீறினாள். கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு உரித்தாள். விரற்கடை அளவு பிரிந்தது. பிரிந்த பிளாஸ்டிக்கோடு சிவப்பு சீலின் ஒரு ஓரமும் தோலாக உரிந்து வந்தது. அம்மா கையை எடுத்துவிட்டாள்.

"இஞ்சருங்க, மேனேஜர்ட்ட சொல்லிப் பாத்தா என்ன?"

"என்னன்னு சொல்ல? ஆபீஸ் பேப்பர வீட்டுக்குக் கொண்டுபோனேன், எம்மவ பிளாஸ்டிக் போட்டுட்டாள்னா? அன்னைக்கே கான்சல்தான்."

கான்சல் என்ற சொல் எனக்குத் தெரியும். என் வகுப்பில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் பாதி வருஷத்தில் காணாமல் போயிருந்தாள். அவள் அப்பாவின் விசா கான்சல் என்றார்கள். நாங்கள் மூன்று பேரும் இருந்தது அப்பாவின் விசாவில். அவருக்கு வேலை போனால் அம்மாவின் கிளினிக்கும் போகும், என் பள்ளிக்கூடமும் போகும், ஒரு மாதத்தில் விமானம் ஏற வேண்டும். ஊரில் பாதி கட்டிய வீடு நின்றது. அன்று யாரும் சாப்பிடவில்லை. என்னை யாரும் திட்டவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

சனிக்கிழமை காலை அப்பா அமைச்சகத்துக்குப் போகவில்லை. என்னைக் குளிப்பாட்டி, கோயிலுக்குப் போடும் கவுனைப் போடச் சொல்லி, நேராக அந்த ஹோட்டல் அபார்ட்மெண்டுக்குக் கூட்டிப்போனார். மேனேஜருக்குத் தெரிவதற்கு முன் காகிதத்துக்குச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. "நீயே சாரி சொல்லு, ஒனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வரும்" என்றார். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

கதவைத் திறந்த அம்மையார் நல்ல உயரம், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. பின்னால் என் வயதுப் பையன் ஒருவன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நான் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அப்பா காகிதத்தை நீட்டினார். அந்த அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் கல்யாணம் இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு ஒரு விசித்திரம் சொன்னார். இது வெறும் காப்பிதானாம். ஒரிஜினல் அவர்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தின் பெரிய புத்தகத்தில் இருக்கிறதாம். கேட்டால் இன்னொன்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்களாம். அப்பாவுக்கு அது விளங்கவே இல்லை. எங்களுக்குக் காப்பி என்றால் ஜெராக்ஸ். ஒரிஜினல் ஒன்றுதான், அது போனால் போலீஸில் எழுதிக்கொடுத்து, தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். நான் தமிழில் மறுபடி சொன்னேன். "அப்ப இது ஒரிஜினல் இல்லையாக்கும்?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஆனால் புதுக் காகிதம் வாங்கி, லண்டனில் மறுபடி எல்லா சீலும் அடித்து இங்கே வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். விசிட் நாள் அதற்குள் முடிந்துவிடும் என்று அப்பா தட்டுத் தடுமாறிச் சொன்னார். காரில் ஓமன் எல்லை வரை போய்த் திரும்பினால் பாஸ்போர்ட்டில் புது சீல் அடித்துவிடுவார்களே, நீங்கள்தானே எங்களுக்குச் சொன்னீர்கள் என்றார் அந்த அம்மா. உண்மைதான். எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த யோசனை சொன்னவர் அப்பாதான். நம்மவர்களுக்கு விசிட் விசா முடிந்தால் ஈரானின் கிஷ் தீவுக்குப் போய், அடுத்த விசா வரும்வரை நாட்களை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டும். பயத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவருக்கு நம்முடையதாகத் தெரிந்துவிட்டது.

மிஞ்சியது மேனேஜர். அப்பா அந்தப் பெயரை எடுத்ததும் அந்த அம்மா சிரிப்பதை நிறுத்தினார். அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டெலிபோனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டு, தான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டதாகவும், பிரயாணத்தில் அழுக்காகிவிடக் கூடாது என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே சான்றிதழைப் பிளாஸ்டிக்கில் ஒட்டிவிட்டதாகவும், நல்லவேளை உங்கள் ஆள் கண்டுபிடித்துச் சொன்னார் என்றும் சொன்னார். அந்தப் பக்கம் சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவின் சட்டையை இழுத்து, "அப்பா, ஆன்ட்டி பொய் சொல்லுதாங்க" என்றேன்.

"சும்மா கெட."

முதல் நற்கருணைக்காக, செய்த பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் படித்துக்கொண்டிருந்த நேரம். பொய் எனக்குச் சின்ன விஷயமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஃபாதரிடம் முழங்காலிட்டு அந்த அம்மாவின் பொய்யை விலாவாரியாகச் சொன்னேன். ஜெராக்ஸ் கடையில் நான் சொன்ன பொய் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. ஃபாதர் இருமிக்கொண்டே, உன் பாவத்தை மட்டும் சொல்லம்மா என்றார்.

புதுக் காகிதம் வர ஒன்றரை மாதம் ஆனது. பள்ளிகள் திறந்துவிட்டன, விசா இல்லாமல் அந்தப் பையனை எங்கேயும் சேர்க்கவில்லை. எங்கள் ஸ்கூல் பஸ் அந்த ஹோட்டல் வழியாகத்தான் போகும். காலையில் அவன் பால்கனியில் தனியாக நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கொடுத்துவைத்தவன், என்னால்தான் அவனுக்கு இத்தனை லீவு என்று நான் பெருமையாகக் கையாட்டுவேன். அவன் பதிலுக்குக் கையாட்டியதில்லை.

டிசம்பரில் கம்பெனி கிறிஸ்துமஸ் விருந்து வைத்தது. புல்தரையில் நீள மேசைகள். வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். மேனேஜர் கையில் கிளாஸோடு எழுந்து வந்தார். தன் கல்யாணத்துக்கே லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்த ஒரு பெண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா என்று ஆரம்பித்தார். அந்த அம்மாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக்கைப் பிரிப்பது போல நடித்துக்காட்டினார். இந்தக் கதையை ஆபீஸில் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. எங்கே சிரிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்தில் அவருடைய கணவரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாவுக்கு முகம் கழுத்துவரை சிவந்தது. ஆனாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். எங்கள் மேசைப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் மேசைப் பிள்ளைகளில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதானே. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மற்ற எல்லோரும் ஓய்ந்த பிறகும் சிரித்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா தட்டில் இருந்த கேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் டாக்ஸியில், எல்லோரும் சிரித்தார்களே, நீங்கள் மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.