மொட்டை மாடியில் ஒரு பனிமலை

நான் வெளிநாடு போனதில்லை. அதிகபட்சம் கொடைக்கானல். அங்கேயும் பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். அப்படிப்பட்ட என்னிடம், ஐரோப்பா போய்வந்ததை ஏன் மறைத்தாய் என்று கனடா அரசாங்கம் விளக்கம் கேட்டது.

என் மனைவி அங்கே மேற்படிப்பு படிக்கிறாள். கல்யாணமான இரண்டாம் மாதமே கிளம்பிவிட்டாள். அவள் படிக்கிற மாதிரிப் படிப்புகளுக்கு, கணவனும் அங்கே போய் வேலை பார்க்க ஒர்க் பெர்மிட் கொடுக்கிறார்கள். நான் மதுரை செல்லூரில் விசைத்தறி மெக்கானிக். தறி ரிப்பேர் பார்க்கிறவனுக்குக் கனடாவில் என்ன வேலை என்று வில்லாபுரத்தில் எங்கள் தெருவே கேட்டது. எனக்கும் தெரியாது. பகலில் படித்துவிட்டு, சாயங்காலம் ஒரு கடையில் நின்றுவிட்டு, அறைக்குப் போய் யாரோடும் பேசாமல் அவள் படுக்கிறாள். நான் போக வேண்டும். அதற்கு மேல் தெருவுக்கு நான் என்ன காரணம் சொல்வது?

நாங்கள் உண்மையான கணவன் மனைவிதான் என்று காட்டக் கல்யாணப் படம் கேட்டார்கள். கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டூடியோ அண்ணனிடம், விசா ஏஜென்ட் ஆபீசுக்கு நல்ல படமாகப் பார்த்து அனுப்பிவிடச் சொன்னேன். அவர் தனக்குப் பிடித்ததை அனுப்பினார். ஏஜென்ட் ஆபீஸ் பெண் சரியாகப் பார்க்காமல் விண்ணப்பத்தோடு ஏற்றிவிட்டது.

எங்கள் பக்கம் கல்யாண ஆல்பம் எப்படித் தயாராகும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மண்டபத்து மொட்டை மாடியில் பச்சைத் துணியைப் பிடித்து அதற்கு முன்னால் ஜோடியை நிற்க வைப்பார்கள். பிறகு கம்ப்யூட்டரில் பச்சையை எடுத்துவிட்டுப் பின்னால் எதை வேண்டுமானாலும் வைப்பார்கள். எங்களுக்கு ஸ்டூடியோ அண்ணன் வைத்தது சுவிட்சர்லாந்து. பனிமலை உச்சியில் நான் பட்டு வேட்டியோடு, சித்திரை மாத வியர்வை வழிய நிற்கிறேன். அதை நம்புகிறவனும் உலகத்தில் இருக்கிறான். விண்ணப்பத்தில் வெளிநாடே போனதில்லை என்று எழுதியிருந்தோம். படத்தில் ஐரோப்பா.

ஏஜென்ட் ஆபீஸ் பெண் சாதாரணமாகத்தான் சொன்னது: "பொய் சொன்னதா முடிவு பண்ணிட்டாங்கன்னா அஞ்சு வருசத்துக்கு உள்ள விட மாட்டாங்க சார். எடிட் பண்ணாத படமும், ஸ்டூடியோக்காரர் லெட்டரும் வாங்கிட்டு வாங்க."

அஞ்சு வருசம். அதற்குள் அவள் படிப்பு முடிந்து வேலைக்கே போயிருப்பாள். அவளுக்கு விஷயத்தை மெசேஜில் சொல்லிவிட்டு நேராக ஸ்டூடியோவுக்குப் போய்க் கத்தினேன்.

அவர் சேரைவிட்டு எழுந்திருக்கவில்லை. "இதுக்கா இம்புட்டுக் கத்து? மலைய எடுத்துட்டுப் பின்னால மீனாட்சி கோபுரத்த வச்சுத் தாரேன் மாப்ள. பத்து நிமிசம்."

"அண்ணே, ஒரு பொய்ய எடுத்துட்டு இன்னொரு பொய்ய வைக்கவா நான் வந்தேன்? ஒரிஜினலக் குடுங்க."

"அது ஆகாது."

"அழிச்சுட்டீங்களா?"

"இருக்கு. ஆனா தர மாட்டேன். அத நீ பாத்ததில்ல. கண்றாவியா இருக்கும். அம்புட்டுத் தூரத்துல ஒரு வெள்ளைக்காரன் அதப் பாத்துட்டு, மதுரைல இப்படித்தான் படம் எடுக்குறாய்ங்கன்னு நெனைக்கணுமா? என் பேரு என்னாகுறது?"

"உங்க பேரு அங்க எவனுக்கு அண்ணே தெரியும்?"

"நீயே பொண்டாட்டி தயவுல போற ஆளு. உனக்கென்னடா தெரியும் தொழில் கௌரவம்?"

கடையில் இருந்த குடை லைட்டை உடைத்திருப்பேன். அந்த நேரம் பார்த்து மனைவி வீடியோ காலில் வந்தாள். என் மூஞ்சியைப் பார்த்ததுமே, "அண்ணன்கிட்ட போனக் குடுங்க. நீங்க வெளிய போய் டீ குடிங்க" என்றாள். போகவில்லை. வாசலில் நின்று கேட்டேன்.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? நான் இங்க நெசப் பனியப் பாத்துட்டேன்ணே. உங்க பனி மாதிரி இல்ல. ரோட்டோரமெல்லாம் கறுப்பா, சேறாக் கெடக்கு. நீங்க போட்டதுதான்ணே பனி."

அவர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. "அப்படியாம்மா?"

"அது நெசம்னு கவர்மெண்டே நம்பிருச்சுண்ணே. எந்த ஸ்டூடியோக்காரருக்குக் கெடைக்கும் இந்தப் பேரு? அத நீங்கதான் செஞ்சீங்கன்னு நிரூபிக்க ஒரிஜினல் வேணும்ல?"

கேப்மாரி. என்னிடமும் இப்படித்தான் பேசிக் காரியம் சாதிப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அப்போதே ஹார்ட் டிஸ்க்கைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஒரிஜினலைப் பார்த்தேன். கண்றாவி என்று அவர் சொன்னது குறைவு. மலையை மட்டுமல்ல, எங்கள் மூஞ்சியையும் கைகளையும்கூட வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். பச்சைத் துணி இடுப்பு உயரத்துக்குச் சரிந்து கிடக்கிறது. ஒரு முனையைப் பிடித்திருக்கும் என் மச்சினன், இன்னொரு கையில் போன் பார்க்கிறான். பின்னால் கறுப்புத் தண்ணீர் டேங்க், கவிழ்த்துப் போட்ட சோத்து அண்டா, கொடியில் யாருடைய பாவாடையோ. நான் மச்சினனைப் பார்த்து வாயை அகலத் திறந்து திட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் ஒரு கையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். இன்னொரு கையால் நான் அவன்மேல் பாய்ந்துவிடாதபடி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கிறாள்.

ஆல்பம் முழுக்க நாங்கள் கணவன் மனைவி மாதிரி இருப்பது அந்த ஒரு படத்தில்தான்.

ஸ்டூடியோ அண்ணன் லெட்டரும் எழுதினார். தான் மலையும் மூஞ்சியும் வைத்த விதத்தை ஒரு பக்கம் விளக்கிவிட்டு, கடைசியில் காதுகுத்து, வளைகாப்புக்கும் ஆர்டர் எடுக்கப்படும் என்று சேர்த்திருந்தார். ஏஜென்ட் ஆபீஸ் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் அந்த வரியை அடித்தது.

பல வாரம் கழித்து ஒரு சாயங்காலம் பதில் வந்தது. பெர்மிட் கிடைத்துவிட்டது. தறிப் பட்டறையின் இரைச்சலில் நின்றபடியே அவளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். போனைக் கட்டிலில் போட்டுவிட்டாள் போல. ஏதோ தடதடவென்று இழுபடும் சத்தம் மட்டும் வந்தது.

"ஏய், கேட்டியா? கெடைச்சிருச்சு. அங்க என்ன பண்ற?"

தூரத்திலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "பேசாம இருங்க. அலமாரில உங்களுக்குப் பாதி ஒதுக்கிட்டு இருக்கேன்."