இரண்டாவது தடவை வராமலிருக்க

அசைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கைகால்களை வீடு வீடாகப் போய்க் கெஞ்சி அசைய வைப்பதுதான் பிசியோதெரபிஸ்ட்டின் பிழைப்பு. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக டெல்லியில் பல வருடங்கள் பஸ் ஏறி இறங்கியவள் நான். நோயாளி வீட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் காபி?" என்ற உபசாரத்துக்கும் "எப்போ சரியாகும்?" என்ற கேள்விக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு என் கதை புரியும். மற்றவர்களும் படிக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு மாத்திரை டப்பா இல்லாமலா போகும்?

தொண்ணூறுகளின் கடைசியில் மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஒரு வீடு எனக்குக் கொடுத்த அதிர்ச்சிகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

தயிருக்கு வந்த தடை

வீட்டுக்காரர் ராமசேஷன், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர், கும்பகோணத்துக்காரர். லேசான பக்கவாதம் வந்து, இடது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. கழுத்து ரத்தக்குழாயைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே கால்சியம் படிந்து குழாய் இறுகிப்போயிருக்கிறது, மாத்திரையை விட்டால் இன்னொரு தடவை வரலாம், அது இவ்வளவு லேசாக இருக்காது என்று எச்சரித்து அனுப்பியிருந்தார். பிள்ளை ஸ்ரீராம், அம்மாவுக்குப் புரியட்டும் என்று, "நம்ம கீஸர்ல வெள்ளையா படியறதே, அந்த மாதிரிம்மா" என்று விளக்கியிருந்தான்.

நான் போகத் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் பார்க்கிறேன், மனிதர் ரசம் சாதத்தோடு இலையை விட்டு எழுந்துவிட்டார். கும்பகோணத்துக்காரர் மோர் சாதம் சாப்பிடாமல் எழுந்ததைப் பார்த்து எனக்கே திக்கென்றது. விசாரித்தால், படிந்திருப்பது கால்சியம் என்று காதில் விழுந்த நாளிலிருந்து அவர் மனைவி அலமேலு மாமி பால், தயிர், மோர் எல்லாவற்றையும் வீட்டுக்குள் வரவிடாமல் நிறுத்தியிருக்கிறார். காபி கூடக் கறுப்பாகத்தான். குழாயில் படிகிற கால்சியம் தயிர்க் கிண்ணத்திலிருந்து ஏறிப் போவதில்லை என்று டாக்டரையே போனில் கூப்பிட்டுச் சொல்ல வைத்த பிறகுதான் மாமி தயிர்ச் சட்டியை வெளியே எடுத்தார். அதுவரைக்கும் தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பாத ராமசேஷன் சார் அன்றைக்கு என்னிடம் சொன்னார்: "கை போனது போகட்டும்மா, பழகிண்டுடலாம். மோரையும் சேத்து எடுத்துண்டுட்டாளே, அதைத்தான் தாங்க முடியலை."

செக்‌ஷன் பதில்

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வாசற்படிக்கு வெளியே ஹிந்தி, உள்ளே தமிழ். ஸ்ரீராம் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் "அம்மா, டாக்டர் வந்துச்சு" என்றால், நான் கையைப் பிடித்து நீவிக்கொண்டிருக்கும்போதே சார், "வந்தார்னு சொல்லுடா" என்று திருத்துவார். பையன் பதிலுக்கு ஹிந்தியில் முணுமுணுத்தால் காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பார். மாமிக்கோ காய்கறி வண்டிக்காரனிடம் "பையா, கித்னா?" என்று விலை கேட்பதோடு ஹிந்தி முடிந்துபோகும்.

அந்தச் சட்டத்தை சார் மீறியது என்னிடம் மட்டும்தான். கையைத் தூக்குங்கள், இன்னும் ஒரே ஒரு தடவை என்று நான் விரட்டும்போது, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு "கல் ஆயியே" என்பார், நாளைக்கு வாருங்கள் என்று. முதல் தடவை நிஜமாகவே கோபித்துக்கொண்டார் என்று பயந்துபோனேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார்: "பயப்படாதேம்மா. எங்க செக்‌ஷன்ல எவன் வந்து நின்னாலும் இதான் பதில். சொன்னா மறுபேச்சு பேசாம போயிடுவான்."

பையிலிருந்து வந்தது

கை நன்றாகத் தேறியது. சார்ட்டட் பஸ் பிடித்து ஆபீஸ் போக ஆரம்பித்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை, தெரிந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். போவதைக் குறைத்துக்கொண்டு எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு குளிர்காலக் காலையில் மாமி போன் செய்தார். குளித்துவிட்டு வந்தவர் காபி டம்ளரை வாங்கவில்லை, வாயைத் திறக்கிறார், பேச்சு வரவில்லை என்றார். எதற்காக இத்தனை நாள் எல்லாரும் பயந்துகொண்டிருந்தோமோ அது வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் ஹிந்தியில் கேட்டதை நான் மாமிக்குத் தமிழில் சொன்னேன், மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போட்டாரா என்று. "ஒரு வேளை தப்பினதில்லை. நானே எடுத்துக் கையில குடுப்பேன்" என்று சொல்லிக்கொண்டே மாமி பையிலிருந்து மாத்திரைகளை எடுத்து மேஜை மேல் வைத்தார். அட்டை அட்டையாக வந்துகொண்டே இருந்தது. பிரிக்காத அட்டைகள், பாதி பிரித்த அட்டைகள். ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று. ஒழுங்காகப் போட்டவர் வீட்டில் இவ்வளவு எப்படி மிஞ்சும்?

மாமி மறைக்கவே இல்லை, மறைக்க ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. முதல் தடவை பக்கவாதம் வந்தபோது, இன்னொரு தடவை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு இரண்டு பேருமாக விரதங்களைக் கூட்டியிருக்கிறார்கள். ஏகாதசி ஏற்கெனவே உண்டு. அதோடு சனிக்கிழமை, பிரதோஷம், சஷ்டி, கிருத்திகை. அந்த நாட்களில் சாருக்கும் நாள் முழுக்கப் பாலும் பழமும்தான். நான் மொழிபெயர்த்து முடித்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாமி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சாப்பிட்டப்புறம்தான் போடணும், வெறும் வயத்துல கூடவே கூடாதுன்னு டாக்டர்தானே சொன்னார்? சாப்பிடாத அன்னிக்கு எப்படிப் போடறது?"

வாசற்படி தாண்டியது

மாத்திரை விட்டுப்போனதால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, அப்படி இறுகிப்போன குழாய்க்கு எப்படியும் வந்திருக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். ஆனால் மூன்றாவது வந்தால் மனிதர் தாங்க மாட்டார் என்பதையும் சொன்னார். இந்தத் தடவை வலது பக்கம் போயிருந்தது. கூடவே பேச்சும். மறுபடி முதலிலிருந்து தொடங்க நான் மோதி பாக்குக்குப் போனேன்.

சில வாரங்களில் பேச்சு திரும்ப ஆரம்பித்தது. சந்தோஷப்பட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வந்தது ஹிந்தி. தண்ணீர் கேட்க "பானி" என்றார். என்னை உட்காரச் சொல்ல "பைட்டோ" என்றார். நாம் தமிழில் சொல்வது அவருக்கு நன்றாகப் புரிகிறது, தலையாட்டுகிறார், ஆனால் பதில் தமிழில் வர மாட்டேன் என்கிறது. முயன்று பார்ப்பார், உதடு துடிக்கும், கண்ணில் தண்ணீர் வரும், கடைசியில் ஆபீஸ் ஹிந்திதான் வரும். இரண்டு பாஷை பேசுகிறவர்களுக்கு அபூர்வமாக இப்படி ஒன்று மட்டும் மிஞ்சும் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, மாமியின் முகத்தைப் பார்த்தது வேறு. புருஷன் என்ன கேட்கிறார் என்று தெரியாமல் தண்ணீரா, போர்வையா, ஜன்னலா என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு நிற்பார். சாயங்காலம் ஸ்ரீராம் வேலையிலிருந்து வந்துதான் அன்றைய கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைக்கும். அவன் ஒருநாள் என்னை பஸ் ஸ்டாப்வரை கொண்டுவிட வந்தபோது சொன்னான்: "அப்பா என்கூட ஹிந்தி பேசினதே இல்லை ஆன்ட்டி. இப்போ வீட்ல எனக்கு மட்டும்தான் அப்பா புரியுது."

ஏகாதசி

அடுத்த ஏகாதசி வந்தது. மாமியிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால், சார் முன்னால் தட்டில் இட்லி. மாமி ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் வேண்டாம் என்று தலையைத் திருப்ப, "இனிமே எல்லா விரதமும் என்னோடது. உங்களுக்கு இட்லியும் மாத்திரையும். சாமிகிட்ட சொல்லியாச்சு" என்று மாமி விடாமல் ஊட்டினார். மாமி பச்சைத் தண்ணீர் கூடக் குடித்திருக்கவில்லை.

இட்லி முடிந்ததும் மாத்திரை. அதை விழுங்கிவிட்டு சார் என்னைப் பார்த்தார். பயிற்சிக்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, குழறலாக, "கல் ஆயியே" என்றார். பழைய வேடிக்கை. எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. மாமி அவர் வாயைத் துடைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்: "அதுக்கு என்ன அர்த்தம்னு ஸ்ரீராம்கிட்ட கேட்டு வெச்சுண்டுட்டேன். எமன் வாசல்ல வந்து நின்னாலும் இதையே சொல்லுங்கோன்னு சொல்லியிருக்கேன்."

என் அனுபவத்தில், பக்கவாதம் வந்த கையைக் கூடக் கெஞ்சிக் கூத்தாடி அசைத்துவிடலாம், ஒரு வீட்டின் பஞ்சாங்கத்தை அசைக்கத்தான் ஒரு மனிதரின் தமிழையே கொடுக்க வேண்டியிருந்தது.