தலைக்கு ஒரு ஓட்டு

பி.ஏ. வரலாறு படித்துவிட்டுத் துபாய்க்குப் போனவன் நான். கட்டடக் கம்பெனி ஒன்றில் டைம்கீப்பர் வேலை. யார் எத்தனை மணிக்கு சைட்டுக்கு வந்தார்கள், எப்போது கிளம்பினார்கள் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். படித்ததில் பாதி விமான நிலையத்திலேயே மறந்துவிட்டது. ஆனால் தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு கேள்வி மட்டும் கூடவே வந்தது. புரட்சிக்கு முந்தைய பிரெஞ்சு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வுகளை விவரி. பத்து மதிப்பெண்.

பாதிரிமார்கள் முதல் வகுப்பு. பிரபுக்கள் இரண்டாவது. மீதி அத்தனை பேரும் மூன்றாவது. உழுகிறவன், நெய்கிறவன், ரொட்டி சுடுகிறவன், ஏன், வக்கீலும் வியாபாரியும்கூட அதில்தான். மேலே இருந்த இரண்டு வகுப்புக்கும் முக்கியமான வரிகள் கிடையாது. எல்லாவற்றையும் கீழே இருந்தவர்கள் சுமந்தார்கள்.

துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலும் நாங்கள் மூன்று வகையாகத்தான் இருந்தோம். மேனேஜர்கள் நகரத்துக்குள் ஃபிளாட்டில் இருந்து காரில் வருவார்கள். என்னைப் போன்ற ஸ்டாஃபுக்கு ரூமுக்கு நாலு பேர், போக வர ஏசி மினி பஸ். லேபருக்கு ரூமுக்குப் பன்னிரண்டு பேர், ஜன்னலில் கம்பி அடித்த பஸ். பிரான்சில் பிறப்பு செய்த வேலையை இங்கே விசாவில் அடித்திருந்த ஒரு சொல் செய்தது. நான் இரண்டாம் வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்குப் பிடித்தும் இருந்தது.

சண்டை சோற்றில் ஆரம்பித்தது. லேபருக்கான மதியச் சாப்பாட்டை விடியும் முன்பே சமைத்து டப்பாவில் அடைத்து, அவர்களோடு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஆகஸ்ட் வெயிலில் மதியம் அதைத் திறந்தால் கெட்டுப்போயிருக்கும். ஸ்டாஃப் சாப்பாடோ பன்னிரண்டு மணிக்கு வேனில் சூடாக வரும்.

அந்தச் சமயத்தில், ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்டுவதற்காகக் கம்பெனி ஒரு மெஸ் கமிட்டி போட்டது. மூன்று உறுப்பினர், ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆபீஸ் சார்பில் அட்மின் மேனேஜர். ஸ்டாஃப் சார்பில் நான். லேபர் சார்பில், கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் ஒரு ஷட்டரிங் கார்பெண்டர், அரியலூர்ப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர்.

முதல் கூட்டத்தில் அவர் சொன்னார்: "சார், மத்தியானம் டப்பாவத் தொறந்தா சோறு ஊசிக் கெடக்கு. ஸ்டாஃபுக்குப் போற வேன்லயே எங்களுதையும் ஏத்தி வுட்டாப் போதும்."

"ஓட்டுப் போட்டுடலாம்" என்று மேனேஜர் சிரித்தார். வேண்டாம் என்று கையைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் தூக்கினேன். இரண்டுக்கு ஒன்று. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் கார்பெண்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பரவால்ல தம்பி, ஒங்க வேலைய நீங்க பாக்கணும்ல" என்றார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் மதியம் என் வேன் சாப்பாட்டை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்தார். புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. அவர் குழாயடிக்குப் போய்ச் சோற்றை இரண்டு முறை அலசி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். சாப்பிட்டேன்.

அப்போதுதான் என் பத்து மதிப்பெண் பதில் எனக்கே உறைத்தது. பிரான்சின் சபையிலும் வகுப்புக்கு ஒரு ஓட்டுதான். மேலே இருந்த இரண்டும் சேர்ந்துகொண்டால் கோடிக்கணக்கான ஜனங்கள் இருந்த மூன்றாவது தோற்கும். தலைக்கு ஒரு ஓட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்ட இடத்தில்தான் எல்லாம் வெடித்தது. அதே பதிலில், நல்ல சட்டை போட்ட வக்கீலும் மூன்றாம் வகுப்புதான் என்று நானே எழுதியிருந்தேன். ஏசி பஸ்ஸில் போனால் பிரபு ஆகிவிட முடியுமா?

அடுத்த மாதக் கூட்டத்தில் கார்பெண்டரோடு சேர்ந்து கையைத் தூக்கினேன்.

மேனேஜர் அசரவில்லை. "ஆபீஸுக்கு ரெண்டு ஓட்டு. சமமா வந்தா என் முடிவுதான். கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

"அது முன்னாடி இல்லியே சார்?"

"இப்ப இருக்கு."

"அப்ப தலைக்கு ஒரு ஓட்டு வைங்க. கேம்ப்ல முந்நூறு பேர் இருக்கோம்."

"இருக்கோமா? நீ எப்பய்யா லேபர் ஆன?"

"அந்தச் சோத்தத் தின்ன அன்னிக்கி சார்."

கார்பெண்டர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று அவருடைய தோள் குலுங்கியதில் தெரிந்தது.

டப்பா யோசனை கார்பெண்டருடையதுதான். "வேலைய நிறுத்துனா ஊருக்கு ஏத்தி வுட்டுருவான். டப்பாவ ஆபீஸ் வாசல்ல வைக்கறத எந்தச் சட்டத்துல தடுப்பான்?"

கட்டட உரிமையாளர் சார்பில் வேலையைச் சோதிக்கும் கன்சல்டன்ட் இன்ஜினியர் சைட் பார்க்க வந்த நாளாகப் பார்த்து, மதிய இடைவேளையில் எல்லாரும் வரிசையாகப் போய்த் திறந்த டப்பாக்களை சைட் ஆபீஸ் வாசலில் வைத்தார்கள். கோஷம் இல்லை, கூட்டம் இல்லை. வைத்துவிட்டு நிழலுக்குத் திரும்பிவிட்டார்கள். இடைவேளை முடிந்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் வேலையில் நின்றார்கள். கன்சல்டன்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு, கால் வைக்க இடம் தேடித் தேடி உள்ளே போனார்.

மேனேஜர் என் மேல் பாய்ந்தார். "யார் யார் வெச்சது? ஆள் நம்பர எழுதிக் குடு. இப்பவே!"

எழுதினேன். முதலில் என் நம்பர். அதற்குக் கீழே அன்று டூட்டிக்கு வந்திருந்த அத்தனை பேரின் நம்பரும். மூன்று தாள் வந்தது. அத்தனை பேரையும் ஒரே நாளில் விமானம் ஏற்றிவிட்டால் மறுநாள் கான்கிரீட் போடுவது யார் என்று அவருக்கும் தெரியும். தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து லேபர் சாப்பாடும் மதிய வேனில் வந்தது. அதே வாரம் என் ஏசி பஸ் போனது, ஸ்டாஃப் ரூமும் போனது. "அவங்களத்தான உனக்குப் புடிச்சிருக்கு, அங்கயே போய்ப் படு" என்றார் மேனேஜர். போனேன். பன்னிரண்டு பேர் ரூமில் பதிமூன்றாவது ஆள். எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். முதல் வாரம் லேபர் பஸ்ஸின் கம்பி ஜன்னல் வழியாக அடித்த அனல் காற்றில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த ஓட்டைத் திரும்பப் போடச் சொன்னாலும் அதையேதான் போடுவேன்.

மெஸ் கமிட்டி கலைக்கப்பட்டது என்று போர்டில் தாள் ஒட்டினார்கள். படித்துப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை காலை அந்த போர்டுக்கு எதிரிலேயே நாற்பது பேர் உட்கார்ந்தோம். வெயிலில் குளியலறைத் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது, தொட்டிக்கு மேலே நிழல் போடச் சொல்லிக் கேட்பதா என்று கார்பெண்டர் ஆரம்பித்தார். மேலே எழுந்த நாற்பது கைகளையும் நான் ஒவ்வொன்றாக எண்ணினேன்.