பேய்களுக்குக் குரல் கொடுத்த புவாலா

பாங்காக்குக்கு வடகிழக்கே, ஈசான் பக்கம், சீ ஆற்றங்கரையில் என்னைத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் எனக்கு ரொம்பப் பிறகு பிறந்தவர்கள். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எருமை மேய்த்தேன், அரிசி மூட்டை தூக்கினேன். இருபத்தாறு வயதில் சொந்தமாக ஒரு லாரி, ஒரு புரொஜெக்டர், ஒரு ஜெனரேட்டர், லாரியின் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் திரை. யாரும் எனக்கு வாங்கித் தரவில்லை. மின்கம்பமே பார்க்காத நூற்றிருபது ஊர்களுக்கு சினிமாவைக் கொண்டுபோய்க் காட்டியவன் இந்த ஸாயான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, என்னிடம் பதினொரு வருடம் வேலை பார்த்த புவாலாவைப் பற்றி. அவளை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. அவள்மேல் பாதி, என்மேல் பாதி, மீதியெல்லாம் நோங் தூம் ஊர்க்காரர்கள்மேல். இந்தக் கணக்கு சரியாக வராது என்று எனக்கும் தெரியும்.

அப்போது எங்களுக்கு வந்த படங்களில் குரல் இருக்காது. பாங்காக்கில் ஊமையாக எடுத்து, படப்பெட்டியோடு ஒரு கட்டு வசனத்தாள் அனுப்புவார்கள். புரொஜெக்டர் பக்கத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து ஓர் ஆள் திரையில் இருக்கிற எல்லோருக்கும் பேச வேண்டும். மற்ற கம்பெனிகளில் ஆணுக்கு ஒருவர், பெண்ணுக்கு ஒருவர் என்று வைத்திருந்தார்கள். எனக்குப் புவாலா ஒருத்தி போதும். கோன்கேன் பஸ் நிலையத்தில் தவளை சுட்டு விற்றுக்கொண்டிருந்தவள் அவள். கண்டக்டர், போலீஸ்காரர், அழுகிற குழந்தை மூன்று பேரும் சண்டை போடுவதைப்போல அவள் ஒருத்தியே பேசிக்கொண்டிருந்தாள். வாங்கிய தவளையைத் தின்று முடிப்பதற்குள் அவளை வேலைக்கு எடுத்துவிட்டேன். ஆளைப் பார்த்ததும் எடை போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எங்கே பிறந்தாய், பெற்றவர்கள் யார் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

எங்களிடம் படம் இலவசம். மருந்து விற்பதுதான் பிழைப்பு. மூன்றாவது ரீல் முடியும் இடத்தில், ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது விளக்கைப் போட்டுவிடுவேன். குடல்புழுப் பொடி, பிள்ளை பெற்றவளுக்கு லேகியம், தலைவலிக்குத் தைலம். பேய்ப்படம் என்றால் தைலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. நெற்றியில் தடவினால் கெட்டது அண்டாது என்று நானே மைக்கில் சொல்வேன். பயந்த ஜனம்தான் வாங்கும். ஆகவே என் கம்பெனியில் பேய் என்றால் பயமுறுத்தியாக வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கும் அவளுக்கும் தினமும் தகராறு. நோங் தூமுக்குப் போன வருடம் எங்களுக்கு ஒரு படம் வந்தது. நகரத்திலிருந்து மூன்று பேர் புதையல் தோண்ட ஒரு சதுப்புக் காட்டுக்கு வருகிறார்கள். அங்கே மூன்று பேய்கள். இருட்டினால் உடம்பை விட்டுத் தலையும் குடலும் மட்டும் பறக்கிற ஒரு பெண், ஆலமரத்தில் குடியிருக்கும் ராட்சசன், முதலைத்தோல் கிழவன். படம் எடுத்தவனுக்குப் பேய்கள்மேல்தான் பாசம் என்பது பார்த்தாலே தெரியும். நகரத்துக்காரர்களில் ஒருவன் தன்னோடு வந்த குழந்தையையே காட்டில் விட்டுவிட்டு ஓடுகிறான். பறக்கும் தலைக்காரி அந்தக் குழந்தைக்கு வாழையிலையை வாயால் கவ்வி வந்து போர்த்துகிறாள். கடைசியில் அந்த நகரத்துக்காரர்கள் மூன்று பேரும் பக்கத்து ஊர்க்காரர்களைத் தூண்டிவிட்டு அவளை எரிக்கிறார்கள். மனிதர்களுக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருந்த பாங்காக் கம்பெனிக்காரன், பேய்களுக்கு மட்டும் எல்லா இடத்திலும் ஒரே வார்த்தை எழுதியிருந்தான். உறுமல்.

புவாலா உறுமவில்லை. பேய்களை எங்கள் லாவ் பேச்சில், எங்கள் வீட்டுப் பெண்கள் பேசுவதைப்போலப் பேசவைத்தாள். மனிதர்களுக்கு பாங்காக் அதிகாரிகளின் பேச்சு. போன ஊரிலெல்லாம் ஜனம் பேயோடு சேர்ந்துகொண்டு அழுதது. அழுகிறவன் தைலம் வாங்குவானா? வண்டி நிறையச் சரக்கு அப்படியே திரும்பி வந்தது. நான் கத்துவேன். அவள் ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக்கொண்டே தலையாட்டுவாள். அடுத்த ஊரில் பழையபடி பேசுவாள்.

நோங் தூமுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த ஊர் சரியில்லை. இரண்டு மாதத்தில் மூன்று சாவு, மூன்றும் காய்ச்சல். ஊர்க்கோடியில் தனியாக இருந்த ஸிம்மா என்கிற விதவைக்குள் ஈரல் தின்னும் பேய் புகுந்திருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தார்கள். மறுநாள் காலையில் பேயோட்டி வந்து அவளை ஊரை விட்டுத் துரத்துவதாக ஏற்பாடு. ஊர்த்தலைவர் தோங்தம் என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். ஜனங்களுக்கு மனதில் தைரியம் போதவில்லை, பேயை எரிக்கிற படம் ஏதாவது இருந்தால் போடுங்கள் என்றார். செய்து கொடுத்தால், சுற்றியுள்ள ஏழு ஊர் அறுவடைத் திருவிழாவும் இனி என் கம்பெனிக்குத்தான் என்றார். ஏழு ஊர். நான் அந்த இடத்திலேயே சரி என்றேன்.

புவாலா அதற்குள் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து ஊர்ப்பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டு வந்திருந்தாள். லாரிக்குப் பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"முதலாளி, இந்தப் படத்தை இங்க போடாதீங்க."

"ஏன், தொண்டை கட்டிக்கிச்சா?"

அப்போதுதான் சொன்னாள். அவளுக்கு ஏழு வயதில் அவள் அம்மாவையும் இதே மாதிரி துரத்தினார்களாம். அப்படித் துரத்தப்பட்டவர்களே சேர்ந்து கட்டிக்கொண்ட ஓர் ஊரில்தான் அவள் வளர்ந்தாளாம். "எங்கம்மா யாரு ஈரலையும் தின்னலை முதலாளி. பகல் பூரா நாத்து நடுவா, ராத்திரி குறட்டை விட்டுத் தூங்குவா. நான் பக்கத்துலதான படுத்திருந்தேன்."

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஏழு ஊர் கண் முன்னால் நின்றது. "இன்னிக்கு ஒரு நாள் தாள்ல உள்ளபடி பண்ணு. பேய் பேசக் கூடாது. உறுமினாப் போதும்" என்றேன்.

"சரி, பேய் உறுமும். மனுஷங்க?"

"மனுஷங்க பேசட்டும், யாரு வேணாம்னா?"

அவள் எதற்குக் கேட்டாள் என்று எனக்கு உறைக்கவில்லை. எல்லோரையும் எடை போடுகிற எனக்கு.

எந்த ஊரில் திரை கட்டினாலும், முன்னால் ஒரு பாய் விரித்து ஊதுபத்தியும் சோற்றுருண்டையும் தண்ணீரும் வைப்பது எங்கள் வழக்கம். அந்த மண்ணின் ஆவிகள் உட்கார்ந்து படம் பார்ப்பதற்கு. அந்தப் பாயில் கைக்குழந்தைகூடக் கால் வைக்காது. இருட்டியதும் ஊர் முழுவதும் வந்து உட்கார்ந்தது. கடைசியாக ஸிம்மா வந்தாள். மெலிந்த உருவம், கையில் ஒரு விசிறி. அவள் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கத்து ஜனம் நகர்ந்தது. சுற்றிப் பார்த்தாள். நேராக முன்னால் போய் ஆவிகளின் பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

தோங்தம் எழுந்து வேகமாக முன்னால் போனார். பாயின் விளிம்பு வரைக்கும்தான் போக முடிந்தது. அவளைப் பிடித்து இழுக்க வேண்டுமானால் அவரும் பாயில் கால் வைக்க வேண்டும். தொண்டையைக் கனைத்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். புவாலா மைக்கைத் தட்டிப் பார்ப்பதுபோல இரண்டு தட்டுத் தட்டிச் சிரித்தாள்.

படம் ஓடியது. அவள் எனக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. பேய்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, உறுமின. ஆனால் அது என்ன உறுமல். அழுகையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு பிள்ளையைத் தூங்க வைக்கிறவள் முனகுவாளே, அதுபோல. மனிதர்கள் இந்த முறை பாங்காக் பேச்சுப் பேசவில்லை, லாவில் பேசினார்கள். நூடுல்ஸ் கடையில் அன்று மத்தியானம் பேசினதையே பேசினார்கள்.

"அவ வீட்டுல எந்நேரமும் விளக்கு எரியுதே, எதுக்கு?" என்றான் திரையில் புதையல் திருட வந்தவன்.

"என் மாட்டை ஒரு பார்வை பார்த்தா. மூணாம் நாள் மாடு காலி" என்றான் அடுத்தவன்.

முதலில் ஜனம் சிரித்தது. இது உன் மாமியார் பேச்சு, இது உன் புருஷன் குரல் என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு நின்றது. மூன்றாவது ரீலில் நான் விளக்கைப் போட்டபோது தைலத்தைப் பார்க்க ஒருவருமில்லை, எல்லோரும் ஸிம்மாவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் விசிறிக்கொண்டிருந்தாள். கடைசியில் பறக்கும் தலைக்காரியை எரித்தபோது ஊரே அழுதது. தோங்தத்தின் மனைவி மேல்துண்டில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஏழு ஊர் கை நழுவியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பேயோட்டியால் முடியாததை என் கம்பெனி ஒரு படத்தில் முடித்துவிட்டது என்று புவாலாவிடம் சொன்னேன். அவளும் அப்படித்தான் நம்பினாள். அன்றைக்கு நிறையச் சாப்பிட்டாள்.

விடிந்ததும் பெண்கள் கூடைகளோடு வந்தார்கள். ஒட்டரிசி, வாழைப்பழம், ஒரு காவித்துணி. ஸிம்மாவுக்குத்தான் ஏதோ கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. படத்தில் எரிந்துபோன பேய்க்காகப் பிக்குவுக்குத் தானம் செய்து, அந்தப் புண்ணியத்தை அவளுக்கு அனுப்பப் போகிறார்களாம். தண்ணீர் ஊற்றிப் புண்ணியத்தைச் சேர்க்கும்போது சொல்வதற்கு அந்தப் பேயின் பெயர் என்னவென்று என்னிடம் கேட்டார்கள். வசனத்தாளில் பெயரே இல்லை என்றேன். பாவம் என்று மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தானம் செய்தார்கள். அந்தக் காலிக் கூடைகளோடேயே பேயோட்டிக்குப் பின்னால் ஸிம்மாவின் வீட்டுக்கு நடந்தார்கள்.

நான் தோங்தத்தின் மனைவியை வழியில் நிறுத்தினேன். "அக்கா, நேத்து அப்படி அழுதீங்களே."

"அழுதேன்தான். அது நல்ல பேயி. இது அப்படியா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நேற்று வரைக்கும் தனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்ததாகச் சொன்னாள். "இப்ப ஒண்ணுமில்லை. ஆவிங்க பாயில உட்கார்ந்தாளே, நீங்களே பார்த்தீங்கல்ல? மனுஷியா இருந்தா உட்காருவாளா?"

அந்தப் பாயை விரித்தது என் கை.

நான் கத்தினேன். இந்த வட்டாரத்தில் என் குரல் எடுபடாத ஊர் கிடையாது. அன்றைக்கு எடுபடவில்லை. பாய் என்னுடையது, அதில் உட்காரச் சொன்னதே நான்தான் என்று பொய்கூடச் சொன்னேன். முதலாளி நல்ல மனுஷர், இரக்கப்படுகிறார் என்று தோங்தம் என் தோளைத் தட்டினார். பத்துக் குரலில் பேசுகிற புவாலா, ஸிம்மாவையும் அவள் சட்டி பானைகளையும் லாரியில் ஏற்றினாள். நாங்கள் ஊர் எல்லையைத் தாண்டும்போது பின்னால் ஸிம்மாவின் வீட்டுப் பக்கம் புகை தெரிந்தது.

படப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு வந்த ஸிம்மா சொன்னாள். "படம் நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில அவளைக் கொளுத்தாம விட்டிருக்கலாம்."

புவாலா வளர்ந்த ஊரில் அவளை இறக்கிவிட்டோம்.

அதன் பிறகு புவாலா மாறிவிட்டாள். பேய்கள் பேசுவதை நிறுத்தின. தாளில் உறுமல் என்றால் உறுமல், அதுவும் முதுகுத்தண்டு சில்லிட்டுப்போகிற உறுமல். தைலம் பெட்டி பெட்டியாகப் போயிற்று. தோங்தம் சொன்னபடி ஏழு ஊர் திருவிழாவும் என்னிடமே வந்தது. நான் இத்தனை வருடம் கத்திக் கேட்டது அதைத்தானே? ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அந்த உறுமலைக் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "முன்ன மாதிரி பேசேன் புவாலா" என்று நானே கேட்டேன்.

"பேசினா அழுவாங்க முதலாளி. அழுதுட்டுப் போயிக் கொளுத்துவாங்க. பயந்தாலாவது கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுல கெடப்பாங்க."

ஐந்து கம்பெனிகளை ஊரை விட்டே ஓட்டிய நான் போய்த் தைலப் பெட்டிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். குரலோடு படம் வரத் தொடங்கியதும் அவள் விலகிக்கொண்டு, ஸிம்மா இருந்த அந்த ஊருக்கே போய்த் தவளை சுடும் கடை போட்டாள். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். கடையில்கூட அவள் யாரைப்போலவும் பேசிக் காட்டவில்லை.

அவள் போவதற்கு முந்தின வருடம் ஒரு கோயில் திருவிழா. அதே படம். பறக்கும் தலைக்காரியைச் சுற்றி ஊர்க்காரர்கள் தீப்பந்தத்தோடு நிற்கிற இடம். நான் அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். "ஏம்ப்பா என்னைக் கொளுத்துறீங்க? நான் யாரை என்ன செஞ்சேன்?" என்று பேய்க்காகப் பேசினேன். என் குரல் லாரி ஏற்றத்தில் ஏறுகிற மாதிரி இருக்கும். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் விடாமல் இன்னும் சத்தமாகப் பேசினேன், இன்னும் சிரித்தார்கள்.

புவாலா சிரிக்கவில்லை. ஒரு சொம்பு தண்ணீரை என்னிடம் கொடுத்து மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தாளில் இருந்தபடி உறுமினாள். சிரிப்பு அடங்கியது, குழந்தைகள் வீறிட்டன. அன்றைக்குக் கையிருப்பில் இருந்த தைலம் முழுவதும் விற்றுப்போயிற்று.